படம் பார்க்காத பார்வையாளர்கள்

1988இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தன் 'பேட்மேன்' படத்துக்கு மைக்கேல் கீட்டனை நாயகனாக அறிவித்தபோது அமெரிக்கக் காமிக்ஸ் வாசகர்கள் கொதித்துப்போனார்கள். கீட்டன் அதுவரை நகைச்சுவைப் படங்களால் அறியப்பட்டவர். இயக்குநர் டிம் பர்ட்டனும் 'பீட்டில்ஜூஸ்' போன்ற விசித்திரமான நகைச்சுவையால் பெயர் வாங்கியிருந்தார். 1960களில் வந்த தொலைக்காட்சித் தொடர் தங்கள் நாயகனைக் கேலிக்குரியவனாக்கிவிட்டது என்ற வருத்தம் அந்த வாசகர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதே அவமானம் இன்னொரு முறை வரப்போகிறது என்று அவர்கள் அஞ்சினார்கள். ஸ்டுடியோவுக்கு ஏறத்தாழ 50,000 கண்டனக் கடிதங்கள் வந்ததாகச் சொல்லப்படுகிறது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை முதல் பக்கத்தில் எழுதியது. ஸ்டுடியோ அவசர அவசரமாக ஒரு முன்னோட்டத்தைத் தயாரித்துத் திரையரங்குகளுக்கு அனுப்பியது. அதைப் பார்ப்பதற்காகவே வேறு படத்துக்கு முழு டிக்கெட் வாங்கி, முன்னோட்டம் முடிந்ததும் சிலர் எழுந்துபோனதாகவும் செய்திகள் வந்தன. 1989 ஜூன் 23 அன்று படம் வெளியானது. முதல் மூன்று நாட்களில் 4 கோடி டாலருக்கு மேல் வசூலித்து அப்போதைய சாதனையை முறியடித்தது. அமெரிக்காவில் மட்டும் மொத்தம் 25 கோடி டாலர். பேட்மேனாக நடித்தவர்களில் கீட்டனையே முதலாவதாகச் சொல்பவர்கள் இன்று ஏராளம்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச் 8 அன்று, மார்வெல் ஸ்டுடியோஸின் 'கேப்டன் மார்வெல்' திரைக்கு வந்தது. மார்வெலின் தொடர் படங்களில் ஒரு பெண் தனித்து நாயகியாக வந்த முதல் படம் அது. வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பே, விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 'பார்க்க விரும்புகிறேன்' என்பதற்கான விழுக்காடு 30க்கும் கீழே தள்ளப்பட்டது. எதிர்த்தவர்களில் பலரின் கோபம் படத்தின் மீது இல்லை, நாயகி பிரீ லார்சனின் பேச்சுகள் மீது இருந்தது.

இரண்டு எதிர்ப்புகளும் படத்தைப் பார்க்காதவர்களிடமிருந்து எழுந்தவைதான். ஆனால் 1988இன் கடிதம் படம் எடுத்தவரின் மேசைக்குப் போனது. டிக்கெட் வாங்கலாமா என்று யோசிக்கும் இன்னொருவரின் கண்ணில் அது படவில்லை. 2019இன் எதிர்ப்பு நேரே அந்த இன்னொருவரிடம் பேசியது. சூப்பர் ஹீரோ படங்களைச் சுற்றி எழும் சச்சரவுகளில், சொற்களின் கடுமையைவிட இந்த முகவரி மாற்றமே முக்கியமானது என்று நினைக்கிறேன். அதை ரசிகர்கள் மட்டும் உண்டாக்கவில்லை. முதல் வார வசூலை நம்பி நிற்கும் திரைவணிகம், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி முடிவெடுத்துவிடும் ஒரு கூட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பழக்கி வளர்த்தது. அந்தப் பழக்கத்தின் மறுபக்கம்தான் இந்தக் கோபம்.

முதல் மூன்று நாட்கள்

ஒரு காலத்தில் அமெரிக்கப் படங்கள் சில பெருநகரங்களில் வெளியாகி, மக்கள் பேச்சால் மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்குப் பரவின. 1975 ஜூனில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' நானூறுக்கும் மேற்பட்ட அரங்குகளில், பெரும் தொலைக்காட்சி விளம்பரத்தோடு ஒரே நாளில் வெளியாகி இந்த வழக்கத்தை மாற்றியது. அதன் பிறகு ஒரு படத்தின் தலைவிதியை முதல் வெள்ளி, சனி, ஞாயிறு தீர்மானிக்கத் தொடங்கின. டிக்கெட் பணத்தில் ஸ்டுடியோவின் பங்கு முதல் வாரங்களில் கூடுதலாகவும் பிறகு குறைவாகவும் இருப்பது அங்கே நெடுநாள் வழக்கம். ஆகவே பார்வையாளர் எப்போதாவது வந்தால் போதாது, முதல் வாரத்திலேயே வர வேண்டும் என்பது ஸ்டுடியோவின் தேவையாயிற்று.

அப்படி முதல் வாரத்தில் வருபவர்கள் யார்? அமெரிக்கத் திரைப்படச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு ஒரு விடை தருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கினர் அந்த ஆண்டில் ஒரு முறையாவது திரையரங்குக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் மாதம் ஒரு படமாவது பார்க்கும் வழக்கமுள்ளவர்கள் 12 விழுக்காடுதான். விற்ற டிக்கெட்டுகளில் ஏறத்தாழ பாதியை, அதாவது 49 விழுக்காட்டை, இந்தச் சிறுபான்மையினரே வாங்கியிருந்தார்கள். சூப்பர் ஹீரோ படங்களின் விளம்பரம் முதலில் குறிவைப்பது இந்தப் பன்னிரண்டு விழுக்காட்டைத்தான்.

அவர்களை ஈர்ப்பதற்கான வேலை படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது. கேப்டன் மார்வெல் என்ற தலைப்பை மார்வெல் அறிவித்தது 2014 அக்டோபரில். நாயகி பிரீ லார்சன் என்று சான் டியாகோ காமிக் கான் மேடையில் சொன்னது 2016 ஜூலையில். முதல் முன்னோட்டம் வந்தது 2018 செப்டம்பரில். அறிவிப்பிலிருந்து வெளியீடு வரை நான்கு ஆண்டுகளுக்கும் மேல். அந்தக் காலம் முழுவதும் உடையின் நிறத்தையும் முன்னோட்டத்தின் ஒவ்வொரு நொடியையும் அலசி விவாதிக்கும்படி ரசிகர்கள் தூண்டப்பட்டார்கள். முன்பதிவும் வெளியீட்டுக்குப் பல வாரங்கள் முன்பே திறக்கப்பட்டது. பார்க்காத படத்தின் மீது அன்பு வைக்கும்படி ஒருவரை நான்கு ஆண்டுகள் பழக்கிவிட்டு, பார்க்காத படத்தை வெறுக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னால் அது எடுபடுமா? முன்கூட்டிய ஆரவாரமும் முன்கூட்டிய வெறுப்பும் ஒரே நிலத்தில் விளைபவை.

குறை சொன்ன விமர்சகருக்கு மிரட்டல்

இந்த மனநிலை இணையத்தில் பெரிய அளவில் வெளிப்பட்டது 2012 ஜூலையில். கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட் ரைசஸ்' வெளியாவதற்கு நான்கு நாட்கள் முன்பு விமர்சகர் மார்ஷல் ஃபைன் அதைக் குறைகூறி எழுதினார். ராட்டன் டொமேட்டோஸில் அந்தப் படத்துக்குப் பதிவான முதல் எதிர்மறை விமர்சனம் அது. விழுக்காடு நூறிலிருந்து இறங்கியது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் கிறிஸ்டி லெமயரும் படத்தில் குறை கண்டார். இருவர் மீதும் வசைமழை பொழிந்தது. கொலை மிரட்டல்களும் வந்தன. அந்தத் தளத்தின் ஆசிரியர் மேட் அட்சிட்டி அப்படத்தின் விமர்சனங்களுக்கான பின்னூட்டங்களை நிறுத்தி வைத்தார். அந்தத் தளம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

வசைபாடியவர்களில் ஏறக்குறைய யாருமே படத்தைப் பார்த்திருக்க வழியில்லை. அவர்கள் காத்து நின்றது படத்தை அல்ல, ஓர் எண்ணை. பல ஆண்டுகளாகத் தாங்கள் நேசித்த ஒன்றுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு, குறை சொன்ன விமர்சகர் தங்கள் நேசத்தையே அவமதித்ததாகத் தோன்றியது. அதே வாரம், ஜூலை 20 அன்று, கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில் அந்தப் படத்தின் நள்ளிரவுக் காட்சியில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் பெருந்துயருக்கும் விமர்சனச் சச்சரவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பிடித்த படத்தை முதல் ஆளாகப் பார்க்க நள்ளிரவில் கூடியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை உலகம் அன்று அறிந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ரசிகர் என்ற சொல்லைக் கேட்டதும் மிரட்டுபவரை மட்டும் நினைப்பவர்கள் அவர்களையும் நினைக்க வேண்டும்.

எண் ஒரு கொடியாகிறது

ராட்டன் டொமேட்டோஸின் விழுக்காடு எதை அளக்கிறது என்பதில் பரவலான தவறான புரிதல் இருக்கிறது. 1998இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் சென் துவாங் தொடங்கிய தளம் அது. ஒவ்வொரு விமர்சனத்தையும் 'சாதகம்', 'பாதகம்' என்று இரண்டாகப் பிரித்து, சாதகமானவை எத்தனை விழுக்காடு என்று அது சொல்கிறது. நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் 'ஒரு முறை பார்க்கலாம்' என்றாலும் 90 விழுக்காடு வரும். தொண்ணூறு பேர் 'காவியம்' என்றாலும் அதே 90தான். பலர் அதைப் படத்தின் மதிப்பெண் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

2016இல் டிசி காமிக்ஸ் பாத்திரங்களைக் கொண்ட இரண்டு படங்கள் இந்தக் குழப்பத்தை உச்சத்துக்குக் கொண்டுபோயின. மார்ச்சில் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' விமர்சகர்களிடம் 30 விழுக்காடுகூடப் பெறவில்லை. ஆகஸ்டில் வந்த 'சூசைட் ஸ்குவாட்' அதையும்விடக் கீழே போனது. அந்தப் படம் வெளியாகும் முன்பே, ராட்டன் டொமேட்டோஸை மூட வேண்டும் என்று ஒரு ரசிகர் இணைய மனு தொடங்கினார். பல ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். விமர்சகர்கள் மார்வெலுக்குச் சாய்ந்தவர்கள், டிசிக்கு எதிரானவர்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. டிசி படங்களைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கே அந்தத் தளத்தில் பங்கு இருந்தது. 2016 தொடக்கத்தில் டிக்கெட் விற்கும் ஃபேண்டாங்கோ நிறுவனத்திடம் தளத்தை ஒப்படைத்தபோதும் வார்னர் ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. இந்த எளிய உண்மைகூட மனுவில் கையெழுத்திட்ட பலருக்குப் பொருட்டாகவில்லை. எண் அவர்களுக்கு ஒரு கொடியாகிவிட்டிருந்தது. அதைத் தாழ்த்தியவர் எதிரணியாகத்தான் இருக்க முடியும் என்று நம்பினார்கள்.

பணம் கொடுத்துப் பார்த்தவர்கள் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் முதல் வார இறுதியில் 16.6 கோடி டாலர் வசூலித்தது. விமர்சகர்கள் தோற்றார்கள் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். இரண்டாவது வார இறுதியில் வசூல் 69 விழுக்காடு விழுந்தது. சூசைட் ஸ்குவாடும் 13 கோடி டாலருக்கு மேல் திறந்து, அடுத்த வாரம் 67 விழுக்காடு சரிந்தது. முதல் வாரக் கூட்டம் விளம்பரத்தை நம்பி வருவது. இரண்டாவது வாரக் கூட்டம் முதல் வாரம் பார்த்தவர்களின் வார்த்தையை நம்பி வருவது. ரசிகர் பலம் மிக்க எந்தப் படமும் இரண்டாவது வாரத்தில் இறங்கவே செய்யும் என்பது உண்மை. என்றாலும் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் பார்த்தவர்களின் குரல் கேட்கிறது. 2017 ஜூனில் வந்த 'வொண்டர் உமன்' இரண்டாவது வாரத்தில் சுமார் 43 விழுக்காடே இறங்கியது.

பார்த்தவர்களை மட்டும் கேட்கும் இன்னொரு வழியும் அமெரிக்காவில் இருக்கிறது. 1970களின் இறுதியில் லாஸ் வேகஸில் எட் மின்ட்ஸ் தொடங்கிய சினிமாஸ்கோர் நிறுவனம், படம் வெளியாகும் நாளில் திரையரங்குகளில் பார்வையாளர்களுக்கு வாக்கு அட்டை கொடுத்து, பள்ளியில் தருவதுபோல 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை தரம் கேட்கிறது. முதல் நாளே வருபவர்கள் ஆர்வம் மிகுந்தவர்கள் என்பதால் தரம் சற்று உயர்ந்தே இருக்கும். 'பி' என்பதே அங்கே எச்சரிக்கை மணி. பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் பெற்றது அந்த 'பி'. வொண்டர் உமன் 'ஏ' பெற்றது. எண்ணுக்காகச் சண்டையிட்டவர்கள் இந்த அட்டைகளைப் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை.

இருக்கை யாருக்கு

2017 முதல் சச்சரவின் பொருள் மாறியது. படம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி பின்னுக்குப் போய், இந்தப் படம் யாருக்கானது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. வொண்டர் உமன் வெளியான வாரத்தில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் அலாமோ டிராஃப்ட்ஹவுஸ் திரையரங்கம் பெண்களுக்கு மட்டுமான காட்சிகளை அறிவித்தது. டிக்கெட்டுகள் வேகமாக விற்றுத் தீர்ந்தன. ஆண்களை ஒதுக்குவதாகக் கண்டனம் எழுந்தது. நகர மேயர் ஸ்டீவ் ஆட்லருக்கே ஒருவர் கோபக் கடிதம் எழுதினார். நகரின் பாகுபாட்டுத் தடைச் சட்டப்படி அந்தப் புகாரில் நியாயம் இருந்ததைத் திரையரங்கம் பின்னர் ஒப்புக்கொண்டது. சட்டத்தின் கோணம் அது. ஆனால் பல பத்தாண்டுகளாக ஆண்களே நிறைந்திருந்த சூப்பர் ஹீரோ அரங்கில் பெண்கள் ஒருநாள் சேர்ந்து உட்கார விரும்பியதை ஒரு படையெடுப்பாகப் பார்த்தவர்களின் அச்சத்தை எந்தச் சட்டத்தாலும் விளக்கிவிட முடியாது. முதல் வார இறுதியில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள்.

2018 பிப்ரவரியில் ரயன் கூக்லரின் 'பிளாக் பேந்தர்' வந்தது. அதற்கு முந்தைய மாதம் ஃப்ரெடெரிக் ஜோசஃப் என்பவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பிள்ளைகளைப் படத்துக்கு அழைத்துப்போக நிதி திரட்டினார். இலக்கைவிடப் பல மடங்கு பணம் சேர்ந்தது. மற்ற நகரங்களிலும் அதேபோன்ற முயற்சிகள் தொடங்கின. தங்கள் தோலின் நிறத்தில் ஒரு நாயகனைத் திரையில் காண்பது ஒரு பிள்ளைக்கு என்னவாக இருக்கும் என்பதை அந்த நிதி கொடுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதே வாரங்களில் ஒரு ஃபேஸ்புக் குழு, பார்வையாளர் மதிப்பெண்ணைக் கூட்டமாகத் தாழ்த்தப்போவதாக அறிவித்தது. ராட்டன் டொமேட்டோஸ் அதைக் கண்டித்தது. ஃபேஸ்புக் அந்தப் பக்கத்தை நீக்கியது. படம் வெளியான நாட்களில், படத்துக்குப் போன வெள்ளையர்கள் அடிபட்டதாகத் தொடர்பில்லாத பழைய புகைப்படங்களை வைத்துப் பொய்ச் செய்திகளும் பரப்பப்பட்டன. கோபம் இங்கே இயக்குநரை நோக்கிப் பேசவே இல்லை. திரையரங்குக்குக் கிளம்பும் ஒருவரைப் பயமுறுத்தி வீட்டிலேயே நிறுத்துவதுதான் அதன் நோக்கம்.

அது பலிக்கவில்லை. மூன்று நாட்களில் 20 கோடி டாலர் வந்தது. முதல் வாரப் பார்வையாளர்களில் 37 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் என்று அரங்குக் கணிப்புகள் கூறின. சினிமாஸ்கோர் 'ஏ பிளஸ்'. அமெரிக்காவில் மட்டும் 70 கோடி டாலர். வழக்கமாக வருபவர்களோடு, வழக்கமாக வராதவர்களும் வந்ததால் நிகழ்ந்த வெற்றி அது.

2019 மார்ச்

கேப்டன் மார்வெல் சச்சரவின் வேர் 2018 ஜூனில் இருக்கிறது. திரைத்துறைப் பெண்கள் அமைப்பின் விருது விழாவில் பிரீ லார்சன் விமர்சகர்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசினார். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அன்னென்பர்க் ஆய்வு அப்போதுதான் வந்திருந்தது. 2017இல் அதிகம் வசூலித்த 100 படங்களின் விமர்சனங்களில் 77.8 விழுக்காட்டை ஆண்கள் எழுதியிருந்ததை அது காட்டியது. பெண்களுக்காகவும் வெள்ளையரல்லாத சிறுமிகளுக்காகவும் எடுக்கப்பட்ட ஒரு படத்தை அவர்களும் விமர்சிக்கும் நிலை வேண்டும் என்பது லார்சன் பேச்சின் சாரம். 2019 பிப்ரவரியில், தன்னைப் பேட்டி காணும் செய்தியாளர்களில் பலதரப்பட்டவர்களும் இடம்பெற வேண்டும் என்றார். வெள்ளை ஆண்கள் இந்தப் படத்துக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னதாக அது திரிக்கப்பட்டது. யாருடைய நாற்காலியையும் பறிக்கச் சொல்லவில்லை, மேசைக்கு இன்னும் சில நாற்காலிகள் வேண்டும் என்றுதான் சொன்னேன் என்று அவர் விளக்கினார். அதற்கும் முன்பு, முன்னோட்டத்தில் நாயகி சிரிக்கவில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண் நாயகர்களின் சுவரொட்டிகளில் புன்னகையை ஒட்டவைத்த படங்களைப் பகிர்ந்து லார்சன் பதில் சொன்னார். நாயகன் இறுகிய முகத்தோடு நின்றால் வீரம், நாயகி நின்றால் திமிர் என்ற அளவுகோலை அந்தப் படங்கள் வெளிச்சமாக்கின.

பிப்ரவரி இறுதியில் ராட்டன் டொமேட்டோஸ் இரண்டு முடிவுகள் எடுத்தது. 'பார்க்க விரும்புகிறேன்' விழுக்காட்டைக் காட்டுவதை நிறுத்தியது. வெளியாகாத படங்களுக்குக் கருத்து எழுதும் வசதியையும் மூடியது. மார்ச் 8 காலையில் படத்தின் பார்வையாளர் பதிவுகள் சில மணி நேரத்திலேயே 58,000ஐத் தாண்டியிருந்தன. மதிப்பெண் 33 விழுக்காடு. வெளியீட்டுக்கு முந்தைய பதிவுகளும் தவறுதலாகச் சேர்ந்துவிட்டன என்று தளம் விளக்கம் தந்து திருத்தியது. எண்ணிக்கை பல மடங்கு குறைந்த பிறகும் விழுக்காடு பெரிதாக ஏறவில்லை. படத்தைக் காட்டிலும் கூட்டத்தை எண்ணுவதற்குப் பழகிவிட்ட ஒரு கருவி அன்று கையும் களவுமாகப் பிடிபட்டது.

இதே படத்தைப் பற்றி வெவ்வேறு இடங்களில் கேட்டபோது வெவ்வேறு விடைகள் வந்தன. விமர்சகர்களில் ஐந்தில் நான்கு பேருக்குப் படம் பிடித்திருந்தது. திரையரங்கிலிருந்து வெளியே வந்தவர்கள் சினிமாஸ்கோர் அட்டையில் 'ஏ' கொடுத்தார்கள். யாரும் பதியலாம் என்றிருந்த மதிப்பெண் பாதியைக்கூட எட்டவில்லை. அதே வாரம் கேப்டன் மார்வெலைப் புறக்கணித்து, ராபர்ட் ரோட்ரிகெஸ் இயக்கிய 'அலிட்டா' படத்துக்குப் போகும்படி ஓர் இயக்கமும் நடந்தது. அலிட்டாவின் நாயகியும் பெண்தான். வசூலில் இந்த எதிர்ப்பின் தடம் தெரியவில்லை. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 15.3 கோடி டாலர், உலகம் முழுவதும் 45 கோடி டாலருக்கு மேல், இறுதியில் 112 கோடி டாலரைத் தாண்டியது. முதல் வாரம் வந்தவர்களில் 55 விழுக்காடு ஆண்கள். வர வேண்டாம் என்று ஆண்களிடம் சொல்லப்பட்டதாகக் கோபம் கிளப்பப்பட்டது; ஆனால் ஆண்களே பெரும்பான்மையாக வந்து அமர்ந்திருந்தார்கள்.

சத்தத்தின் அளவு

இணையத்தில் கேட்கும் சத்தத்தைக் கொண்டு மக்கள் மனத்தை அளக்க முடியுமா? சூப்பர் ஹீரோ படம் அல்லாத, ஆனால் இதே ரசிகர் உலகைச் சேர்ந்த 'ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடை' பற்றி ஆய்வாளர் மார்ட்டன் பே 2018இல் ஒரு கணக்கெடுத்தார். இயக்குநர் ரயன் ஜான்சனுக்கு எழுதப்பட்ட 967 ட்வீட்டுகளை ஆராய்ந்ததில் எதிர்மறையானவை 21.9 விழுக்காடு. அவற்றிலும் ஏறத்தாழ பாதி அரசியல் நோக்கம் கொண்ட கணக்குகளிலிருந்தோ தானியங்கிக் கணக்குகளிலிருந்தோ வந்தவையாகத் தோன்றின. ஒரே ஒரு தளத்தில், ஒருவருக்கு எழுதப்பட்டவற்றை மட்டும் எண்ணிய ஆய்வு என்பதால் இதை எல்லாவற்றுக்கும் நீட்ட முடியாது. என்றாலும் ஐந்தில் ஒரு பங்கு குரல் முழு அரங்கின் குரலாகக் கேட்க முடியும் என்பதை அது காட்டுகிறது. மறுபக்கம், 2017இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் யீவ்ஸ் பெர்க்விஸ்ட், ராட்டன் டொமேட்டோஸ் விழுக்காட்டுக்கும் வசூலுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று கண்டார். படங்கள் தோற்றதற்கு அந்தத் தளத்தைப் பழித்த தயாரிப்பாளர்களுக்கும் அது ஒரு பதில்தான்.

ரசிகர் இயக்கம் என்றாலே கெடுதல் என்று நினைப்பதும் தவறு. தன் மகளை இழந்த துயரத்தில் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை விட்டு 2017இல் விலகிய இயக்குநர் சாக் ஸ்னைடரின் வடிவத்தை வெளியிடக் கோரியவர்கள், அதே வேகத்தில் தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு லட்சக்கணக்கில் டாலர் திரட்டித் தந்தார்கள். 2021 மார்ச்சில் நான்கு மணி நேரப் படமாக அது வெளியானது. அந்த இயக்கத்தில் குறைந்தது 13 விழுக்காடு போலிக் கணக்குகள் என்று வார்னர் நிறுவனமே நடத்திய ஆய்வு சொன்னதாக 2022இல் ரோலிங் ஸ்டோன் எழுதியது. இரண்டும் உண்மை. உண்மையான நேசமும் செயற்கையான சத்தமும் ஒரே கூட்டத்துக்குள் இருக்கும்போது வெளியே இருப்பவரால் அவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை.

டிக்கெட்டும் தீர்ப்பும்

2019 மே மாதம் ராட்டன் டொமேட்டோஸ் ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. ஃபேண்டாங்கோவில் டிக்கெட் வாங்கியதற்குச் சான்று இருப்பவர்களின் மதிப்பீட்டை 'சரிபார்க்கப்பட்டது' என்று தனியாகக் கணக்கிட்டு அதையே முன்னால் வைத்தது. பார்த்தவரின் குரலைப் பார்க்காதவரின் குரலிலிருந்து பிரித்தது வரவேற்க வேண்டிய செயல். ஆனால் இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. முதலாவது, டிக்கெட் விற்பவரே மதிப்பெண்ணும் வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு மேலே படம் எடுக்கும் ஸ்டுடியோக்களின் முதலீடும் இருந்தது. வாசலில் நேரடியாக டிக்கெட் வாங்கிப் பார்த்தவர் இந்தக் கணக்கில் இல்லை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அதை 2023 நவம்பரில் வந்த 'தி மார்வெல்ஸ்' காட்டியது.

கேப்டன் மார்வெலின் தொடர்ச்சியான இந்தப் படத்துக்குச் சரிபார்க்கப்பட்ட பார்வையாளர் மதிப்பெண் 80 விழுக்காட்டுக்கு மேல். அரங்கு அட்டையில் கிடைத்தது 'பி'. அமெரிக்காவில் முதல் வார வசூல் 4.6 கோடி டாலர், மார்வெல் தொடரிலேயே மிகக் குறைவு. இரண்டாவது வாரச் சரிவு 78 விழுக்காடு. நடிகர் சங்க வேலைநிறுத்தம் வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் முடிந்ததால் நடிகர்கள் விளம்பரத்தில் பங்கேற்க முடியாமல் போனது. ஓடிடியில் தொடர்கள் பெருகி, முந்தையவற்றைப் பார்த்தால்தான் அடுத்தது புரியும் என்ற நிலையும் வந்திருந்தது. இந்தத் தோல்வியைப் பெண் நாயகிகளின் தோல்வி என்று சிலர் கொண்டாடினார்கள். வெறுப்பாளர்களின் வேலை என்று சிலர் ஆதங்கப்பட்டார்கள். இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. 2019இல் அத்தனை சத்தத்தையும் மீறி வந்த கூட்டம், 2023இல் சத்தம் அவ்வளவு இல்லாதபோதும் வரவில்லை. வராதவர் எந்த மதிப்பெண்ணிலும் இடம்பெறுவதில்லை. விலகிப் போகிறவர் மனு எழுதுவதில்லை, மிரட்டுவதும் இல்லை.

ஸ்டுடியோக்கள் பாடம் கற்க வேண்டிய இடம் இது. வசைகளைக் காட்டி, 'எங்களைக் குறைகூறுபவர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று சொல்வது அவர்களுக்கு வசதியான வழி. கேப்டன் மார்வெல் தட்டையான திரைக்கதை கொண்டது என்று நினைத்த நேர்மையான பார்வையாளர்களும் இருந்தார்கள், அவர்களில் பெண்களும் இருந்தார்கள். வெறுப்புக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணப்படுவோமோ என்று தயங்கி அவர்கள் வாயை மூடிக்கொண்டால், இழப்பு அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கும்தான். பார்க்காமல் பழித்தவர்கள் செய்த பெருங்கேடு வசூலைக் குறைத்தது அல்ல. அதை அவர்களால் செய்ய முடியவில்லை. பார்த்துவிட்டுக் குறை சொன்னவரின் சொல்லைச் சந்தேகத்துக்குரியதாக்கியதே அவர்கள் செய்த கேடு.

ஒரு படத்துக்குப் போகாமலிருக்க யாருக்கும் உரிமை உண்டு. நடிகரின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே போகாமலிருக்கலாம்; அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்யலாம். 1988இல் கடிதம் எழுதியவர்கள் அதைத்தான் செய்தார்கள். தவறாகக் கணித்தார்கள், ஆனால் தங்கள் அச்சத்தைத் தங்கள் பெயரில், உரியவரிடம் சொன்னார்கள். போகாதவர் போனவரின் இடத்தில் நின்று தீர்ப்பெழுதும்போதுதான் அறம் தவறுகிறது. ஏனென்றால் அந்தத் தீர்ப்பை நம்பி வீட்டிலேயே இருந்துவிடும் ஒரு சிறுமி, தனக்காக எடுக்கப்பட்ட ஒன்றை இழக்கிறாள். பிடித்ததா இல்லையா என்று முடிவுசெய்யும் வாய்ப்பே அவளிடமிருந்து பறிக்கப்படுகிறது. மதிப்பெண் தளங்கள் ஆர்வத்தையும் அனுபவத்தையும் ஒரே பலகையில் எழுதாமல் இருக்க வேண்டும். ஸ்டுடியோக்கள் முதல் மூன்று நாட்களைத் தாண்டியும் ஒரு படத்துக்கு வாழ்வு உண்டு என்று நம்பி வேலை செய்ய வேண்டும். பார்வையாளர்களாகிய நாம் செய்ய வேண்டியது இவை எல்லாவற்றையும்விட எளிது: படத்தைப் பார்ப்பது, பிறகு பேசுவது, பார்க்கவில்லையென்றால் பார்க்கவில்லை என்று சொல்வது.